மகனே, என் வேட்புமனு என்னுடையது

அன்புள்ள மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் தொடங்கப் போவதில்லை. என் நலத்தை நேற்று மதியம் நீயே நேரில் பார்த்தாய். உன் நலமும் எனக்குத் தெரிகிறது: உன் அறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது, வாசலில் வைத்த காபியில் ஆடை படிந்துவிட்டது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் படுத்திருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அம்மா இந்த ஆனையூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாயால் சொன்னால் "ஜோக்கடிக்காதம்மா" என்று பாதியில் வெட்டுவாய். கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழித்தாலும் பிரயோசனமில்லை. இதை உன் கதவுக்கடியில் தள்ளிவிட்டு, நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஏன் வீதிக்குக் கொண்டு போகிறாய் என்று கேட்காதே. கொண்டு போனவன் நீ. "வார்டு தேர்தலிலிருந்து அம்மா விலகுகிறார், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி" என்று இரண்டு கைகூப்பும் பொம்மைகளோடு அந்தக் குழுவில் முந்தாநாளே அறிவித்தது உன் கைபேசி. நான் அப்போது கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு சாந்தி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், வாபஸ் வாங்கிட்டீகளாமே?" என்றாள். "அப்படியா, எப்ப?" என்று நான் அவளிடம் கேட்டேன். தான் விலகிய செய்தியை அடுத்த வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொண்ட வேட்பாளர் இந்த உலகத்தில் வேறு யாராவது இருந்தால் சொல், அவரோடு ஒரு சங்கம் வைக்கிறேன்.

கோபமாக இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் நீ சிரித்துவிடுவாய். என் பேச்சு அப்படி. கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் தலைமைச் சகோதரிக்கே பட்டப்பெயர் வைத்தவள் நான். வகுப்பறை மின்விசிறியில் சாக்பீஸ் தூளை வைத்த பிள்ளைகளைக் கண்டிக்கும் முன், அந்த யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பொறாமைப்பட்டவள். ஆனால் சிரிக்கிறவளுக்குக் கோபம் வராது என்று இந்த வீட்டு ஆண்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள். இன்றைக்கு அந்தக் கணக்கைத் திருத்தித் தருகிறேன்.

படகுக் குழாம் உனக்கு நினைவிருக்கும். நீ பத்தாம் வகுப்பு படித்த வருடத்து ஐப்பசி மழை. கண்மாய்க்குப் போகிற வாய்க்கால் அடைத்துக்கொண்டு, சாக்கடையும் மழைநீரும் ஒன்றாகி நம் தெருவுக்குள் வந்து தங்கிவிட்டது. நீ செருப்பைக் கையிலும் புத்தகப்பையைத் தலையிலும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். உன் அப்பா சங்கத்தின் செயலாளர், மனு எழுதினார். பதில் வராததால், பதில் வராததைப் பற்றி இன்னொரு மனு எழுதினார். தண்ணீர் வடியவில்லை. ஒரு காலையில் நான் பழைய கரும்பலகையைத் துடைத்து, வண்ணச் சாக்பீஸால் "ஆனையூர் படகுக் குழாம், காதலர்களுக்கு அனுமதி இலவசம், மூக்கைப் பிடிக்கும் துணி நீங்களே கொண்டு வரவும்" என்று எழுதித் தெருமுனையில் சாய்த்து வைத்தேன். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ படம் எடுத்தார்கள், அது பேப்பரில் வந்தது. மறுநாளே உறிஞ்சும் லாரி வந்தது. அந்தப் பேப்பரில் போட்டிருந்தது என்ன தெரியுமா? "குடியிருப்போர் சங்கத்தின் நூதனப் போராட்டம்" என்ற தலைப்பும், பலகைக்குப் பக்கத்தில் கை கட்டி நிற்கிற உன் அப்பாவின் படமும். நான் படத்திலேயே இல்லை. "நீ அப்ப சமையல்ல இருந்த, கூப்பிடல" என்றார். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்தச் செய்தியை அவர் வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டியபோது ஆணி அடிக்க நாற்காலியைப் பிடித்தவள் நான்.

அந்த வாய்க்கால் இன்னும் சரியாகவில்லை. நம் ஆள் ஒருவர் மாநகராட்சிக்குள் போனால்தான் விடியும் என்று சங்கத்தில் பல காலமாகப் பேச்சு. இந்தத் தேர்தலில் உன் அப்பா சுயேச்சையாக நிற்பது என்று முடிவாகி, வெள்ளைச்சட்டைகூடத் தைத்தாகிவிட்டது. அப்புறம் அறிவிப்பு வந்தது: நம் வார்டு பெண்களுக்கு. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சங்க அறையில் கூட்டம் போட்டார்கள். நான் எல்லோருக்கும் சுண்டல் கொண்டு போயிருந்தேன். தலைவர் ராஜாமணி சார், செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னண்ணே பண்றது, லேடீஸ் வார்டாப் போச்சே" என்றார். கொஞ்ச நேரம் மௌன அஞ்சலி. பிறகு, "சரி, யார் வீட்டு லேடீஸ் சும்மா இருக்காக?" என்று கேட்டார். "என் சம்சாரம் கூட்டத்தக் கண்டா மயக்கம் போட்ரும்" என்றார் ஒருவர். "எங்க வீட்ல சுகருண்ணே" என்றார் இன்னொருவர். உன் அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நம்ம டீச்சர் ரிட்டயராகிச் சும்மாதான இருக்கா" என்றார். கையில் சுண்டல் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். "ஜெயிச்சா மாமன்றக் கூட்டத்துக்கு யார் போறது?" என்று கேட்டேன். அறையே குலுங்கிச் சிரித்தது. நல்ல ஜோக் சொல்லிவிட்டேன் என்று நினைத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நீ கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாய். "நீ சும்மா நின்னாப் போதும்மா, மத்தத அப்பா பாத்துக்குவாரு" என்றாய். "சும்மா நின்னா கால் வலிக்குமேடா" என்றேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கடிதத்தில் பாதி.

வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நோட்டீஸ் அச்சடித்து வந்தது. உன் அப்பா நடுவில், முழங்கால்வரை, கும்பிட்டபடி. நான் மேல் மூலையில் தபால்தலை அளவுக்கு. எங்கள் கல்யாண ஆல்பத்தில் பந்தி பரிமாறியவனின் முகம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். சண்டை போடவில்லை. கட்டைப் பிரித்து, பேனாவை எடுத்து, ஒவ்வொரு நோட்டீஸிலும் என் முகத்துக்கு ஒரு முறுக்கு மீசை வரைந்தேன். மீசை இருந்தால்தானே வேட்பாளர் என்று நம்புவார்கள்? உன் அப்பா பார்த்துவிட்டு, "கேவலப்படுத்திட்டியேடி!" என்று கத்தினார். "மீசை யாருக்குங்க கேவலம்?" என்றேன். ஆனால் அந்த நோட்டீஸ்தான் வேலை செய்தது. வாங்கிய பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்த பிறகு, மூலையில் இருக்கிற அந்தச் சின்ன முகத்தை உற்றுப் பார்த்தார்கள். அதுவரை வீடு வீடாகப் போன இடத்தில் எல்லாம், "சார் வரலையா?" என்பதுதான் கேள்வி. டீக்கடையில் ஒருவர் என்னிடமே, "சார் எந்தச் சின்னத்துல நிக்கிறாரு?" என்று விசாரித்தார். மீசைக்குப் பிறகு, "நீங்கதானா அது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான்தான் அது. அப்படி வீடு வீடாகப் போன நாட்களில் அது எனக்கே நன்றாகத் தெரிந்தது.

வாய்க்கால்கரைச் சந்துக்கு உன் அப்பாவும் ராஜாமணி சாரும் வரவில்லை. அங்கே நாற்றம் அதிகம், ஓட்டு கம்மி என்றார்கள். தனியாகப் போனேன். என்னிடம் படித்த பாண்டீஸ்வரி அங்கே இருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் நான் முட்டி போட வைத்த பிள்ளை. இன்று அவளுக்குக் கைக்குழந்தை. தொட்டிலை உத்தரத்தில் அளவுக்கு மீறி உயரமாகக் கட்டியிருந்தாள். ஏன்டி என்றேன். "போன மழைக்கு ராத்திரி தண்ணி உள்ள வந்துருச்சு டீச்சர். முழிச்சுப் பாத்தா சேலைத் தொட்டிலோட அடி நனைஞ்சு கெடக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, என்னை முறைத்தாள், நான்தான் தண்ணீரை அனுப்பினேன் என்பது மாதிரி. பிறகு கேட்டாள்: "ஜெயிச்சா நீங்க வருவீகளா, சார் வருவாரா?" நான் எதையும் கேலியாகச் சொல்கிறவள்தானே. அன்றைக்கு வாயில் ஒரு கேலியும் வரவில்லை. "நான்தான் வருவேன்" என்றேன். "சத்தியமா?" என்றாள். அவள் பிள்ளையின் தலையில் கை வைத்தேன். நீ சொன்னாயே, "ஊருக்கு ஒரு பேச்சுக்கு நிக்கிறதுதானம்மா" என்று. அந்தச் சந்திலிருந்து வெளியே வந்தபோது அது பேச்சாக இல்லை.

அதற்குள் உன் கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. திருமங்கலத்து நிர்மலாவை எனக்குப் பிடித்திருக்கிறது, இதை எழுத்தில் வைக்கிறேன். கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் அறிவித்தபோது உன்னைவிட எனக்குத்தான் முகம் சிவந்தது. போன வாரம், அந்த ஓலைக்காக நீ ஊருக்கு வந்திருந்தபோது, அவளுடைய தாய்மாமன் மண்டபம் பார்க்கிற சாக்கில் நம் வீட்டுக்கு வந்தார். எதிர்த்து நிற்கிற கட்சி வேட்பாளர் முத்துலட்சுமியின் கணவருக்கு மாட்டுத்தாவணியில் பூக்கமிஷன் கடை. அந்தக் கணவரும் இந்த மாமாவும் தொழில் கூட்டாளிகளாம். மற்றவர்கள் எல்லோரும் வாபஸ் வாங்கிவிட்டார்களாம், நானும் வாங்கிவிட்டால் முத்துலட்சுமி போட்டியில்லாமல் அன்னபோஸ்டாம். "சம்பந்தகாரவுகளுக்குள்ள எதுக்குப் போட்டி? வாய்க்கால நாங்களே சரி பண்ணிக் குடுத்துர்றோம். டீச்சரம்மாட்டச் சொல்லிருங்க" என்றார், உன் அப்பாவைப் பார்த்து. டீச்சரம்மா அவருக்கு முன்னால் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு, கொடுத்தவளிடம் சொல்லாமல் அடுத்தவரிடம் சொல்லச் சொன்னார். உன் அப்பா தலையாட்டினார். அது பழைய கதை, அவரோடு அதைத் தனியாகப் பேசிக்கொள்கிறேன். என்னைக் கொதிக்க வைத்தது உன் பதில். "அதெல்லாம் பிரச்சினையில்ல மாமா. அம்மா சொன்னாக் கேப்பாங்க."

சொன்னால் கேட்பேனா? யார் சொன்னால்? நான் என்ன, நாய்க்குட்டியா? உனக்குப் பேச்சு வரத் தாமதமாகிறது என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவள் நான். அந்தப் பேச்சு வந்து, வளர்ந்து, மீசை முளைத்து, என் சார்பாகவே பேசப் போகிறது என்று மாதாவாவது ஒரு குறிப்புக் காட்டியிருக்கலாம்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து முத்துலட்சுமியின் வீட்டுக்குப் போனேன். நீங்கள் ஆண்கள் எல்லாம் கூடி யாரை ஜெயிக்க வைக்கிறீர்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று. வாசலில் பெரிய பேனர். பாதியில் கட்சித் தலைவர்கள், மீதியில் அவள் கணவர், ஓரத்தில் தபால்தலையாக அவள். எங்கள் இருவரையும் ஒரே அச்சகம்தான் சுருக்கியிருக்கிறது போல. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்கதான அந்த மீசை டீச்சரு? வாங்கக்கா. உங்க நோட்டீஸப் பாத்து அம்புட்டுச் சிரிச்சேன். அவரு இருந்தாருன்னு அடுப்படிக்குள்ள போயிச் சிரிச்சேன்." உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். நான் வந்த விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் அவளே கேட்டாள்: "வாபஸ் வாங்கப் போறீகளாமே?" அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கிறாதீகக்கா."

"ஏம்மா?"

"நீங்க வாங்கிட்டா நான் ஜெயிச்சிருவேன்ல."

இந்த வயதுவரை எத்தனையோ கிண்டல் பேசியிருக்கிறேன், கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை. அவள் கிண்டலும் செய்யவில்லை. "கையெழுத்து எனது, காரியம் அவருதுக்கா. வாய்க்கா மேல சிலாப்பப் போட்டு வரிசையாக் கடை கட்டப் போறாக. மழை பேஞ்சு தண்ணி போக வழியில்லாம ஊருக்குள்ள ஏறுச்சுன்னா சனம் யாரத் திட்டும்? முத்துலட்சுமி ஒழிகன்னுதான? எம் பேர ஊரு சொல்றதே அப்பத்தான் மொதத் தடவையா இருக்கும்."

"கடையா? வாய்க்காலச் சரி பண்றோம்னுல்ல சொன்னாக?"

"மூடுனாச் சரியாப் போச்சுல்ல, கண்ணுக்குத் தெரியாதுல்ல" என்றாள். "உங்களுக்குத் தெரியாதா? உங்க சங்கத்துக்குக்கூட மாடில ஒரு ரூமு குடுக்குறாகளே."

நீயே வாபஸ் வாங்கலாமே என்று அவளிடம் கேட்டேன். "சீட்டு குடுத்த அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவருக்குத்தான் சால்வை போட்டாக. இந்த வீட்ல நான் வாபஸ் வாங்குனா அவரு என்னைய வாபஸ் அனுப்பிருவாரு, எங்க அம்மா வீட்டுக்கு" என்றாள். "ஓட்டாவது யாருக்குப் போடுவ?" என்றேன். "அதக் கேக்காதீகக்கா" என்று சொல்லிவிட்டு, காபி டம்ளரை எடுக்கக் குனிந்தபடி, "ஆனா அந்தத் தடுப்புக்குள்ள அவரு வர முடியாதுல்ல" என்றாள். இதையெல்லாம் ஊரறிய எழுதுகிறாயே, அந்தப் பெண்ணுக்கு ஆபத்தில்லையா என்று நீ கேட்பாய். இன்று காலை போன் செய்து அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கக்கா. வாயால சொன்னா டிவியப் பாத்துக்கிட்டே தலையாட்டுவாரு. நாலு பேரு படிச்சாத்தான் அவரும் படிப்பாரு. சீட்டு குடுத்தவுக முன்னாடி என்மேல கை வைக்கவும் யோசிப்பாரு" என்றாள். மகனே, இதற்குப் பெயர்தான் கேட்பது. ஒரு போன், இரண்டு நிமிஷம். அவ்வளவு சுலபம்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் மாடி அறையைப் பற்றிக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சங்கத்துக்கு ஒரு சொந்த எடம் வேணும்ல. எத்தனை நாளைக்குத் தொட்டிக்குக் கீழயே உக்காந்திருக்கிறது?" என்றார். வாய்க்காலுக்காகத் தொடங்கின சங்கம், தனக்கு ஒரு அறை கிடைத்தால் வாய்க்காலை மூடச் சம்மதிக்கிறது. வாய்க்கால் மேலேயே உட்கார்ந்து வாய்க்காலுக்காக மனு எழுதலாம், ஜன்னலைத் திறந்தால் போதும், ஆதாரம் மூக்கிலேயே வரும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்த வீட்டில் என் பேச்சுக்கு முதல் தடவையாக ஒருவர் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. அப்போதுதான் என் பேச்சு காதில் விழுகிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

நேற்று காலை நீ வந்து இறங்கினாய். பையில் வாபஸ் படிவம், என் பெயரும் ஊரும் உன் அழகான கையெழுத்தில் நிரப்பி. என் ஒப்பத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாய், பெரிய மனது. வண்டியில் ஏறு என்றாய், ஏறினேன். போகும் வழியெல்லாம் மண்டபத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாய். நான் பேசவில்லை, தலைக்கவசம் போட்டிருந்ததால் அது உனக்குத் தெரியவில்லை. மண்டல அலுவலகத்தில் தேர்தல் அலுவலர் சின்னப் பெண், என் மாணவிகளின் வயது. அவளிடம் கேட்டேன்: "மேடம், எனக்குப் பதிலா என் மகன் வாபஸ் குடுக்கலாமா?" "வேட்பாளர் கையெழுத்து இல்லாம முடியாதும்மா" என்றாள். "இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க, கடைசி பெஞ்சுக்குக் கேக்கல" என்றேன். சுவரோரம் நின்ற போலீஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார். உனக்குக் காது மடல் சிவந்தது. மாமாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. நீ கட் பண்ணிக்கொண்டே இருந்தாய். கடைசியில் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்ன வயதுக் குரலில், "அம்மா, விளையாடாத. இது என் கல்யாணம்மா" என்றாய்.

உண்மையைச் சொல்கிறேன், பேனாவைத் திறந்தேன். பாண்டீஸ்வரியின் பிள்ளை தலையில் வைத்த கை அதே கைதான், ஆனாலும் திறந்தேன். ஊருக்கு நல்லது செய்ய உன் கல்யாணத்தை உடைக்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. படிவத்தை மடியில் வைத்தேன். நீ அதோடு வாயை மூடியிருந்தால் இன்றைக்கு நானும் உன் அப்பாவும் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்போம். நீ மூடவில்லை. "எனக்காக வேண்டாம், நிர்மலாவுக்காகவாவது" என்றாய்.

"நிர்மலா சொன்னாளா?"

"அவ என்னம்மா சொல்லப் போறா? அவங்க மாமா சொன்னா அவளுக்கும் சரிதான்."

பேனாவை மூடினேன். உன் கண்ணுக்கு அது தெரிந்தது, காரணம்தான் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். சுண்டல் சட்டியோடு நான் நின்றபோது உன் அப்பா என் சார்பாகப் பேசினார். சால்வை போட்ட அன்றைக்கு முத்துலட்சுமியின் சார்பாக அவள் கணவர் பேசினார். நேற்று நீ, இன்னும் கழுத்தில் தாலி ஏறாத ஒரு பெண்ணின் சார்பாகப் பேசினாய், அதுவும் எத்தனை இலேசாக, காற்று வருகிறதா என்று ஜன்னலைத் திறக்கிற மாதிரி. அந்த நிமிஷத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால் வாய்க்காலை மட்டும் மூடியிருக்க மாட்டேன். நிர்மலாவின் வாயையும் மூடியிருப்பேன். இருபது வருஷம் கழித்து அவளும் ஏதோ ஓர் அறையில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பாள், உன் மகன் அவளுக்காகச் "சரி" சொல்வான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீயாக இருப்பாய், உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நானாக இருப்பேன்.

மூன்று மணிக்கு அலுவலர் கதவைச் சாத்தச் சொன்னாள். வெயிலுக்கு உன் படிவத்தால் விசிறிக்கொண்டிருந்தேன். சின்னம் ஒதுக்கினார்கள், எனக்குத் திருகாணி. மரை கழன்ற வீட்டுக்குப் பொருத்தமான சின்னம்தான் என்று சொல்லத் திரும்பினேன், நீ அங்கே இல்லை. ஆட்டோ பிடித்து வந்தேன். நீ திருமங்கலத்துக்குப் போய் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தாய் என்று உன் அப்பா சொன்னார். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறாராம். மாமாவுக்கு என்னடா ஓலை? கட்டிக்கொள்ளப் போகிறவர் அவரா?

ஆகவே, எழுந்து முகம் கழுவிக்கொண்டு நிர்மலாவுக்கு போன் போடு. அவள் மாமாவுக்கு அல்ல, அவளுக்கு. அம்மா பெயரில் கொடுக்கக்கூடாத வாக்கை நான் கொடுத்துவிட்டேன், அம்மா அதற்குக் கட்டுப்படவில்லை, இதுதான் நடந்தது, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இரு. நடுவில் நீயே பதிலைச் சொல்லி உதவி செய்யாதே. இந்தப் பழக்கம் உனக்குப் புதிது, முதலில் நாக்கு சுளுக்கும். அவள் வேண்டாம் என்று சொன்னால் அழு, நானும் உன்னோடு உட்கார்ந்து அழுவேன், என் பிள்ளை கல்யாணம் எனக்கும் ஆசைதான். ஆனால் அது அவள் சொன்ன வேண்டாமாக இருக்கட்டும். அவள் சம்மதித்தால், அவள் வாயால் சொன்ன சம்மதம் ஒன்றாவது உன் கல்யாணத்தில் இருக்கும். மண்டபத்துச் சாப்பாட்டைவிட அது முக்கியம்.

நாளைக்குக் காலையில் வாய்க்கால்கரைச் சந்திலிருந்து பிரச்சாரத்தைத் தொடங்குகிறேன். புது நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. என் முகம் மட்டும், மீசை இல்லாமல். உன் அப்பா வருவதாக இருந்தால் பின்னால் நடக்கலாம், தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொள்ளலாம். தோற்றாலும் தோற்பேன். அந்தப் பக்கம் கட்சி, இந்தப் பக்கம் ஒரு திருகாணி. தோற்றால் மறுநாளே அந்தச் சிலாப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருவேன், அதற்கு யாருடைய ஓட்டும் வேண்டாம்.

நீயும் இந்த வார்டு வாக்காளர்தான், உன் பெயர் என் பெயருக்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது. அதனால் இன்று சாயங்காலம் உன் கதவையும் தட்டுவேன், அம்மாவாக இல்லை, வேட்பாளராக. திறந்து, வாய்க்காலை என்ன செய்வாய் என்று என்னைக் கேள். சந்தேகமாக இருந்தால் குறுக்குக் கேள்வி கேள். பதில் பிடிக்காவிட்டால் முத்துலட்சுமிக்கே போட்டுவிடு, அவளுக்கு வேண்டாம் என்றாலும். எனக்கு ஓட்டுப் போடாத பிள்ளைக்கும் இந்த வீட்டில் மீன்குழம்பு உண்டு, அதை யாரும் நிறுத்தப் போவதில்லை. நிறுத்துவது ஒன்றே ஒன்றைத்தான்: என் சார்பாக இனி ஒருவனும் "சரி" என்று சொல்லக் கூடாது. என் வயிற்றில் பிறந்தவனும்.

இப்படிக்கு,
வாபஸ் வாங்காத உன் அம்மா